வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களின் பாடகர் குழுக்கள்: தெற்கு வேல்ஸிலிருந்து ஓர் அறிமுகம்

1924-ஆம் ஆண்டில், தெற்கு வேல்ஸின் ரோந்தா பள்ளத்தாக்கில் உள்ள டைலர்ஸ்டவுன் என்னும் நிலக்கரி ஊரில், வேலையில்லாமல் இருந்த இரண்டு சுரங்கத் தொழிலாளர்கள் முன்னின்று ஆண்கள் பாடகர் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். சுரங்கம் தோண்டப்படுவதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்த பண்ணையின் பெயரான 'பென்டிரஸ்' என்பதையே குழுவுக்கும் சூட்டினார்கள். ஆர்தர் டக்கன் அதன் முதல் இசை நடத்துநர் ஆனார்; 1960 வரை அவரே அந்தப் பொறுப்பில் இருந்தார். சேர்ந்தவர்களில் பலர் வேலையற்றவர்கள். அடுத்த வாரம் அடுப்பு எரியுமா என்று தெரியாத வீடுகளிலிருந்து வந்த இவர்கள், ஹாண்டல், மெண்டல்சோன் போன்ற ஐரோப்பிய இசைமேதைகளின் படைப்புகளை நான்கு குரல் பிரிவுகளாகப் பிரிந்து பாடினார்கள்.

இதைக் கேட்கும் எவருக்கும் 'பசித்தவர்கள் ஏன் பாடினார்கள்?' என்ற கேள்விதான் முதலில் எழும். அதற்கு விடை சொல்வது எளிது. துயரம் வந்தால் மனிதர் பாடுவது எங்கும் உள்ளதுதான். 'அவர்களால் எப்படி முடிந்தது?' என்பதே கடினமான கேள்வி. இசைக்கல்லூரியின் வாசலைக்கூடப் பார்த்திராத நூறு ஆண்களை ஒரு கூடத்தில் நிறுத்தி, சிக்கலான இசையைப் பிசகாமல் பாடவைப்பது சில மாதங்களில் தானாக நடந்துவிடக்கூடிய காரியம் அல்ல. அதற்கான படிப்பு, கூடம், பழக்கம் எல்லாம் நிலக்கரி கொழித்த காலத்திலேயே சேர்த்துவைக்கப்பட்டிருந்தன. வேலையின்மை அவற்றோடு புதிதாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று: பொழுது.

பாடகர் குழு என்று இங்கே சொல்லப்படுவது என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடும் கோரஸ் நமக்குப் பழக்கமானது, பஜனையும் அப்படித்தான். வேல்ஸ் மொழியில் 'கோர் மெய்பியன்' எனப்படும் ஆண்கள் பாடகர் குழு அத்தகையது அல்ல. அதில் முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிடோன் எனப்படும் முதல் பாஸ், அடித்தளமாக நிற்கும் இரண்டாம் பாஸ் என்று உயரத்திலிருந்து ஆழத்துக்கு இறங்கும் நான்கு பிரிவுகள் உண்டு. ஒரே நேரத்தில் நான்கு பிரிவும் நான்கு வேறு மெட்டுகளைப் பாடும். அவை ஒன்றோடொன்று இசைந்து எழுவதைத்தான் ஹார்மனி என்கிறோம். இரண்டாம் பாஸ் பிரிவில் நிற்பவர் தனியே வீட்டில் பாடிப் பழகினால், அவர் பாடுவது பாட்டாகவே பக்கத்து வீட்டுக்காரருக்குத் தோன்றாது. மற்ற மூன்று பிரிவும் வந்து சேர்ந்தால்தான் அவருடைய பங்குக்குப் பொருள் உண்டாகும். தனியாகச் செய்யவே முடியாத கலை என்பது இதன் முக்கியமான இயல்பு. வேலையற்றவர்களின் வாழ்வில் இது ஏன் அவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்தது என்பதற்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது.

1851-ல் ரோந்தா பள்ளத்தாக்கில் ஆயிரம் பேர்கூட இல்லை. 1911-ல் அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். புகை குறைவாகவும் வெப்பம் மிகுதியாகவும் எரியும் அந்த வட்டாரத்து நிலக்கரியைப் பிரிட்டிஷ் கடற்படையும் உலகத்துக் கப்பல் நிறுவனங்களும் விரும்பி வாங்கியதே இந்தப் பெருக்கத்துக்குக் காரணம். 1913-ல் தெற்கு வேல்ஸ் வெட்டியெடுத்த நிலக்கரி ஏறத்தாழ 5.68 கோடி டன். அதில் பாதிக்கும் மேல் ஏற்றுமதியானது. 1920-ல் இந்தத் தொழிலில் சுமார் 2,71,000 பேர் இருந்தார்கள்.

முதலில் வந்தவர்களில் பெரும்பாலானோர் வேல்ஸின் கிராமப்புறத்தார். இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து விலகி நின்ற மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் முதலான சபைகளின் சிற்றாலய வழிபாட்டை அவர்கள் தங்களோடு கொண்டுவந்தார்கள். அந்தச் சிற்றாலயங்களில் பாடுவது ஒரு தனிக் குழுவின் வேலை அல்ல. சபையில் அமர்ந்திருக்கும் எல்லோருமே நான்கு குரல்களில் பாட வேண்டும். 'கமன்வா கானி' என்ற பெயரில் பல சபைகள் ஒன்றுகூடி நாள் முழுவதும் கீர்த்தனைகள் பாடும் விழாவும், அதற்கு முன்பு வாரக்கணக்கில் நடக்கும் ஒத்திகையும் ஆண்டுதோறும் நடந்தன. ஆகவே, சுரங்கத்துக்குள் இறங்கும் வயதை எட்டும் முன்பே ஒரு பையனுக்குத் தன் குரல் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பது தெரிந்திருக்கும்.

இந்த மக்களுக்கு இசை வாசிக்கக் கற்றுத்தந்த முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். ஐந்து கோடுகளின் மேல் புள்ளியிட்டு எழுதும் ஐரோப்பிய இசைக்குறியீட்டைக் கற்க நேரமும் வேண்டும், ஆசிரியரும் வேண்டும். அதை அச்சிடுவதும் செலவு. அதற்கு மாற்றாக, நாரிச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் உருவாக்கிய ஒரு முறையை ஜான் கர்வென் என்ற போதகர் 1840-களிலிருந்து செம்மைப்படுத்திப் பரப்பினார். இதற்கு 'டானிக் சோல்ஃபா' என்று பெயர். 1860-களில் இது வேல்ஸ் மொழிக்கு வந்து, பள்ளத்தாக்குகள் எங்கும் தீயாய்ப் பரவியது. டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ என்ற ஏழு பெயர்களின் முதலெழுத்துகளை மட்டும் வரிசையாக எழுத வேண்டும்; அவ்வளவுதான் சுரம். அடிக்கும் அடிக்கும் இடையே முக்காற்புள்ளி. தாளவட்டம் முடியும் இடத்தில் ஒரு நெடுங்கோடு. சுரத்தை நீட்ட வேண்டுமானால் ஒரு சிறு கிடைக்கோடு. மேல் ஸ்தாயி என்றால் எழுத்தின் தலையருகே ஒரு கீற்று, கீழ் ஸ்தாயி என்றால் காலருகே ஒரு கீற்று. ஏழாவது சுரத்தின் பழைய பெயர் 'சீ'. 'சோ'வும் அதே எழுத்தில் தொடங்கியதால் குழப்பம் வரும் என்று அதை 'டீ' என்று மாற்றினார்கள். (தமிழில் எழுதினால் 'டோ'வோடு மோதும், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து என்பதால் பிழைத்தது.) ச ரி க ம எழுதிப் பழகியவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும்: நம் சட்ஜத்தைப் போலவே இங்கும் 'டோ' எந்தச் சுருதியிலும் நிற்கலாம், மற்றவை அதிலிருந்து கணக்கிடப்படும். சாதாரண அச்சகத்தில் இருக்கும் எழுத்துகளைக் கொண்டே இதை அச்சிட முடிந்ததால் பாட்டுத்தாள்கள் மலிவாகக் கிடைத்தன.

'வேல்ஸ்காரர்கள் பிறவிப் பாடகர்கள்' என்று சொல்லிப் பலர் இந்த வரலாற்றை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவதுண்டு. எனக்கு அது பாராட்டாகத் தோன்றவில்லை. ஞாயிறு பள்ளியிலும் வாரநாள் இரவுகளிலும் சுவரில் தொங்கிய சோல்ஃபா ஏணிப்படத்தின் மேல் கோல் நகர நகரச் சுரம் சொல்லிப் பழகிய இரண்டு தலைமுறைகளின் உழைப்பை அது அழித்துவிடுகிறது. தெற்கு வேல்ஸின் மெர்தர் ஊரில் 1841-ல் பிறந்த ஜோசப் பாரி ஒன்பது வயதில் சுரங்கத்துக்குள் வேலைக்குப் போனவர். குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, அங்கே இரும்பாலையில் உடன் உழைத்தவர்களிடம் இசை கற்று, பின்னாளில் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் இசைப் பேராசிரியர் ஆனார். அவருக்கு இசை தெரிந்தது பிறவியால் என்றால், அந்தச் சக தொழிலாளர்கள் அவருக்குக் கற்றுத்தர எதுவும் இருந்திருக்காது.

படிப்போடு போட்டியும் சேர்ந்துகொண்டது. 'ஐஸ்டெத்வட்' எனப்படும் கவிதை, இசைப் போட்டி விழாக்கள் ஊருக்கு ஊர் நடந்தன. அவற்றில் ஆண்கள் பாடகர் குழுப் போட்டிக்குக் கூடிய கூட்டத்தின் ஆவேசம் ரக்பி ஆட்டத்துக்குக் குறைந்தது அல்ல. நடுவரின் தீர்ப்பு பிடிக்காத ஊர்க்காரர்கள் வாரக்கணக்கில் அதைப் பற்றியே பேசுவார்கள். கருமான் தொழில் கற்ற 'கரடாக்' என்ற கிரிஃபித் ரீஸ் ஜோன்ஸ், 1872-லும் 1873-லும் தெற்கு வேல்ஸின் தொழிலாளர்கள் நிறைந்த பெருங்குழுவை லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் மாளிகையில் நடந்த இசைப் போட்டிக்கு அழைத்துச் சென்று பரிசோடு திரும்பினார். அது ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடிய குழு. இளைஞர்கள் வேலை தேடிக் குவிந்ததால் ஆண்கள் மிகுந்திருந்த சுரங்க ஊர்களில், பிறகு ஆண்கள் மட்டுமே பாடும் குழுக்கள் பெருகின. ட்ரியோர்க்கி ஊரின் குழு ஒன்று 1895-ல் விண்ட்சர் அரண்மனையில் விக்டோரியா அரசியின் முன்பு பாடியது.

மூன்றாவது, கூடம். தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து ஒவ்வொரு பவுண்டு பணத்துக்கும் ஒரு பென்னிக் காசு என்று பிடித்தம் கொடுத்து நூலகமும் மேடையும் கொண்ட மன்றங்களைத் தாங்களே கட்டினார்கள். ட்ரியோர்க்கியின் பார்க் அண்ட் டேர் மன்றம் அப்படி எழுந்ததுதான். 1920-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, வெட்டியெடுக்கப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு பென்னி நலநிதிக்குச் சேர்ந்ததால் இன்னும் பல கூடங்கள் உருவாயின. பின்னாளில் வேலையற்றவர்கள் பாடிப் பழகிய கூரைகளில் பலவற்றைக் கட்டியது, அவர்களே முன்பு வெட்டிய நிலக்கரிதான்.

பிறகு சரிவு வந்தது. அதற்கு ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. கடற்படையும் வணிகக் கப்பல்களும் எண்ணெய்க்கு மாறின. முதல் உலகப் போருக்கான இழப்பீடாக ஜெர்மன் நிலக்கரி பிரான்சுக்கும் இத்தாலிக்கும் போனதால் வேல்ஸின் பழைய சந்தைகள் கைநழுவின. 1923-ல் பிரெஞ்சுப் படை ஜெர்மனியின் நிலக்கரி வட்டாரமான ரூர் பகுதியைப் பிடித்துவைத்திருந்தபோது மட்டும் தற்காலிகமாகக் கிராக்கி திரும்பியது; அது முடிந்ததும் விலை விழுந்தது. 1925-ல் பிரிட்டன் போருக்கு முந்தைய மதிப்பிலேயே தன் நாணயத்தைத் தங்கத்தோடு பிணைக்கும் முறைக்குத் திரும்பியதால், ஏற்றுமதியையே நம்பியிருந்த தெற்கு வேல்ஸின் நிலக்கரி வெளிநாட்டில் இன்னும் விலை ஏறியது. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களிடையே 1924 ஏப்ரலில் 2 சதவீதம் அளவில் இருந்த வேலையின்மை 1925 ஆகஸ்டில் 28.5 சதவீதத்தைத் தொட்டது. பென்டிரஸ் குழு பிறந்தது இந்தச் சரிவின் விளிம்பில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1921-க்கும் 1936-க்கும் இடையில் தெற்கு வேல்ஸில் 241 சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 1,26,000 ஆகச் சுருங்கியது.

சுரங்கம் நின்றுபோனால் கூலி போவதோடு நாளின் வடிவமும் போய்விடுகிறது. சுரங்க ஊரில் நேரத்தைச் சொன்னது சங்கு. எத்தனை மணிக்கு எழுவது, எப்போது குளிப்பது, எப்போது உறங்குவது என்பதை ஷிப்ட் முடிவுசெய்தது. வேலையற்றவருக்கோ வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று கையெழுத்திடும் நாள்களைத் தவிர, மற்ற நாள்களில் எங்கும் போக வேண்டிய கட்டாயம் இல்லை. 'செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு உன் பிரிவில் உன் இடம் காலியாக இருந்தால் தெரிந்துவிடும்' என்று ஓர் அமைப்பு சொல்வது அத்தகைய மனிதருக்குச் சிறிய விஷயம் அல்ல. வேலை இருந்த காலத்தில் இரவு ஷிப்ட்காரர் ஒருவர், பகல் ஷிப்ட்காரர் ஒருவர் என்று ஒத்திகைக்கு ஆள் சேர்வதே சிரமம். வேலை போனபின் அந்தத் தடை இல்லை. மற்றொரு வசதியும் உண்டு: குரலுக்கு விலை இல்லை. கால்பந்துக்குக்கூடப் பந்தும் பூட்ஸும் வேண்டும். பாட்டுக்கு ஒரு பியானோவும் கைமாறிக் கைமாறிக் கிழிந்த சில சோல்ஃபா தாள்களும் போதும்.

ஆனால், இக்குழுக்களில் பாடிய எல்லோருமே வேலையற்றவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே வரிசையில் சுரங்கத்துக்குப் போய்வந்தவரும், மூன்று ஆண்டுகளாக வீட்டில் இருப்பவரும், பள்ளி ஆசிரியரும், கடைக்காரரும் நின்றிருப்பார்கள். இந்தக் கலப்பை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வேலையற்றோருக்கென்று தனியாக நடத்தப்பட்ட எதிலும் ஒரு முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. பாடகர் குழுவில் ஒருவர் 'இரண்டாம் டெனர்' மட்டுமே.

இக்குழுக்கள் பணமும் திரட்டின. அபெர்டேர் அருகே உள்ள கும்பாக் ஊரின் குழு, நாடெங்கும் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்த 1921-ல் தொடங்கப்பட்டது. 1926 மே மாதத்தில் தொடங்கிய அடுத்த கதவடைப்பு ஆண்டின் இறுதிவரை நீண்டபோது, வேல்ஸிலிருந்து சுரங்கத் தொழிலாளர்களின் குழுக்கள் இங்கிலாந்தின் நகரங்களுக்குச் சென்று பாடி, ஊரில் நடந்த பொதுச் சமையற்கூடங்களுக்காக நிதி சேர்த்தன. அதன் பிறகு வந்த ஆண்டுகளில், சிறு கூட்டங்களாக லண்டன் தெருக்களில் பாடிக் காசு கேட்டவர்களும் உண்டு. பிச்சை என்ற சொல்லை அவர்கள் ஏற்கவில்லை. நான்கு குரலில் பிசகில்லாமல் பாடிவிட்டுத் தொப்பியை நீட்டுவது வேறு என்பது அவர்கள் எண்ணம்.

அப்படிப் பாடிச் சென்ற ஒரு கூட்டத்தைத்தான் அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ரோப்சன் 1929 வாக்கில் லண்டனில் எதிர்கொண்டார் என்று அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுவோர் சொல்கிறார்கள். ஊரிலிருந்து நடந்தே வந்திருந்த அந்த வேல்ஸ் தொழிலாளர்களோடு அவரும் சேர்ந்துகொண்டார். அங்கே தொடங்கிய உறவு முப்பது ஆண்டுகள் நீடித்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் இறந்த வேல்ஸ் வீரர்களுக்காக 1938 டிசம்பரில் மவுண்டன் ஆஷ் ஊரில் நடந்த நினைவுக் கூட்டத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்பு அவர் பாடினார். 1950-ல் அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. ஆகவே, 1957 அக்டோபரில் போர்த்கால் நகரில் நடந்த சுரங்கத் தொழிலாளர் ஐஸ்டெத்வட்டுக்கு அவரால் நேரில் வர முடியவில்லை; அட்லாண்டிக் கடலின் அடியில் அதற்கு முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்த தொலைபேசிக் கம்பிவழியாக நியூயார்க்கிலிருந்து பாடினார். அரங்கில் ஒலிபெருக்கியில் அவர் குரல் ஒலித்தது. 1946-ல் புதிதாக அமைக்கப்பட்டிருந்த ட்ரியோர்க்கி ஆண்கள் பாடகர் குழு அதே கம்பிவழியாக அவருக்குப் பதில் பாடியது.

1930-களில் இந்தப் பாட்டைப் பற்றி ஊருக்குள் ஒரு சச்சரவும் இருந்தது. 1927-ல் குவேக்கர் என்னும் கிறித்தவச் சபையினர் ரோந்தாவின் ட்ரியாலா ஊரில் 'மைஸ் எர் ஹாவ்' என்ற கல்வி இல்லத்தை நிறுவினார்கள். அதையொட்டி வேலையற்றோர் சங்கங்கள் பல தோன்றி, தச்சு வேலை, செருப்புத் தைத்தல், வகுப்புகள், இசை என்று நடத்தின. வேலையும் கூலியும் கேட்டுப் போராட வேண்டியவர்களைப் பாட்டும் தச்சும் கொடுத்துத் தாலாட்டுகிறார்கள் என்று இடதுசாரிகள் கடிந்தார்கள். குடும்பத்தில் யாருடைய வருமானமும் கணக்கில் எடுக்கப்பட்டு உதவித்தொகை வெட்டப்பட்ட 1931-க்குப் பிந்தைய நாள்களில் அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆயினும், 1935 பிப்ரவரியில் புதிய உதவித்தொகை விதிகளை எதிர்த்துத் தெற்கு வேல்ஸில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். பாடகர் குழுக்கள் மலிந்திருந்த அதே பள்ளத்தாக்குகளின் மக்கள்தான் அவர்கள். பாட்டு யாரையும் தூங்கவைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

பாடியவர்களைப் பற்றிப் பேசும்போது பாடாதவர்களையும் சொல்ல வேண்டும். இந்தக் குழுக்களில் பெண்களுக்கு இடம் இல்லை. சிற்றாலயத்தில் சோப்ரானோ, ஆல்டோ என்னும் பெண்குரல் பிரிவுகளில் பாடிய பெண்கள், ஆண்கள் ஒத்திகைக்குப் போன மாலைகளில் உதவித்தொகைக்குள் ஒரு குடும்பத்தை அடக்கிக்கொண்டிருந்தார்கள். கச்சேரிக்குப் போட்டுச்சென்ற அந்த ஒற்றைக் கோட்டுச் சட்டையை ஒட்டுப்போட்டுத் தேய்த்துக் கொடுத்ததும் அவர்களே. குரல்களுக்கும் ஒரு விலை இருந்தது. நிலக்கரித் தூசி படிந்து நுரையீரல் இறுகும் நோய் தெற்கு வேல்ஸில் மிகப் பரவலாக இருந்தது. பல பாடகர்களுக்கு மூச்சு, மேல் சுரத்தை எட்டும் முன்பே முடிந்தது.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேல்ஸைவிட்டு வேலை தேடிப் போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். சுரங்க ஊர்க் குழுக்களில் அவர்கள் நின்ற இடம் காலியானது. போன ஊர்களில் அதே கலை முளைத்தது. ஆக்ஸ்ஃபோர்டின் கவ்லி மோட்டார் தொழிற்சாலைக்கு வந்துசேர்ந்த வேல்ஸ்காரர்கள் 1928-ல் அங்கே ஓர் ஆண்கள் பாடகர் குழுவை அமைத்தார்கள். அது இன்றும் இயங்குகிறது.

1947-ல் சுரங்கங்கள் அரசுடைமை ஆன பின்பும் மூடல் நிற்கவில்லை. 1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, தெற்கு வேல்ஸ் வேலைநிறுத்தத் தொழிலாளர் பாடகர் குழு என்ற பெயரிலேயே ஒரு குழு அமைந்து ஊர் ஊராகப் பாடியது. 1926-ஐப் பாட்டிகளிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதிய யோசனை அல்ல. 1990 டிசம்பரில் மெய்ர்டி சுரங்கம் மூடப்பட்டதோடு ரோந்தாவில் ஆழ்சுரங்கம் எதுவும் இல்லாமல் போயிற்று.

டைலர்ஸ்டவுனின் கடைசிச் சுரங்கம் 1960-லேயே மூடப்பட்டிருந்தது. அதிலிருந்து வெளியே கொட்டிய கழிவு மட்டும் மலைச்சரிவில் மேடாக நின்றது. 2020 பிப்ரவரியில் புயல்மழையில் அந்த மேட்டிலிருந்து ஏறத்தாழ 60,000 டன் சரிந்து கீழே ஆற்றை அடைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2024-ல், பென்டிரஸ் குழுவுக்கு நூறு வயதானது; அதில் இப்போது பாடுபவர்களில் பெரும்பாலோர் நிலக்கரி வெட்டியவர்கள் அல்லர். நான்கு பிரிவாகத்தான் இன்னும் நிற்கிறார்கள்.